மராத்தான் (1994): ஓடுபவரை நிறுத்திவைத்த சுடும் விளையாட்டு

1994 டிசம்பரில் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிகளுக்கு மட்டும் வெளிவந்த 'மராத்தான்', 2024 முதல் கணினி விளையாட்டுகளை இணையத்தில் வழங்கும் ஸ்டீம் தளத்தில் 'கிளாசிக் மராத்தான்' என்ற பெயரில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிற்காலத்தில் 'ஹேலோ' விளையாட்டால் உலகப் புகழ்பெற்ற பன்ஜி நிறுவனம் அப்போது சிகாகோவில் இருந்த மிகச் சிறிய குழுதான். ஜேசன் ஜோன்ஸ் தலைமையில் அக்குழு உருவாக்கிய இந்த முதல் நபர் சுடும் விளையாட்டைப் (பாத்திரத்தின் கண் வழியே களத்தைப் பார்த்துச் சுடும் வகை) பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே பாணியில்தான் தொடங்குவார்கள்: மவுஸை அசைத்து மேலும் கீழும் பார்க்கும் வசதி இதில்தான் முதலில் வந்தது, இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்துவது இதில்தான் முதலில் வந்தது, ஒரே துப்பாக்கியில் இரண்டாவது விசை இதில்தான் முதலில் வந்தது என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் பாதி உண்மை, மீதி ரசிகர்களின் பாசம். அண்ணாந்து பார்க்கும் வசதி 1992-இல் வந்த 'அல்டிமா அண்டர்வேர்ல்டு'லேயே இருந்தது. 1994 செப்டம்பரில் வந்த 'சிஸ்டம் ஷாக்'கிலும் இருந்தது. இரட்டைக் கைத்துப்பாக்கிகள் அதே டிசம்பரில் வெளியான 'ரைஸ் ஆஃப் தி டிரையட்'டிலும் உண்டு. ஆகவே யார் முந்தி என்ற வழக்கை ஒதுக்கிவிட்டு, இந்தப் புதுமைகள் ஒன்றுசேர்ந்து ஆட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது.

இதற்கு ஓராண்டு முன் வந்த 'டூம்' ஓட்டத்தின் விளையாட்டு. அதில் துப்பாக்கியில் தோட்டா நிரப்பவே தேவையில்லை. எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளலாம். கதை என்பது சில கட்டங்களுக்கு ஒருமுறை திரையில் ஓடும் ஒரு பத்தி மட்டுமே. ஆட்டக்காரர் நிற்க வேண்டிய அவசியமே அதில் இல்லை, நிற்காமல் இருப்பதே அதன் அழகும்கூட. மராத்தானோ சுடுவது, சேமிப்பது, காயம் ஆற்றுவது, கதை படிப்பது ஆகிய ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நேரத்தையோ ஒரு இடத்தையோ விலையாகக் கேட்கிறது. எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்ற கணக்கு ஆட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இதிலுள்ள புதுமைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்து கிளைத்தவை என்பதே என் மதிப்பீடு.

கதைக்களம் 2794-ஆம் ஆண்டு. செவ்வாய்க் கோளின் நிலவான டீமோஸைக் குடைந்து விண்கலமாக்கி, அதில் மக்களை ஏற்றி, டௌ செட்டி விண்மீன் மண்டலத்தில் குடியேற்றியிருக்கிறார்கள். அந்தக் கலத்தின் பெயர்தான் மராத்தான். பெயர் சொல்லப்படாத பாதுகாப்பு அதிகாரியாகிய நாம் சிறு கலமொன்றில் அதை நோக்கித் திரும்பும் வேளையில், அடிமைகளைப் பிடித்து விற்கும் ஃபோர் என்னும் வேற்றுக்கிரக இனம் தாக்குதல் தொடுக்கிறது. இவ்வளவையும் ஒரு காணொளியாகக் காட்டியிருக்கலாம். மராத்தான் அப்படிச் செய்வதில்லை. சுவர்களில் பதித்த கணினித் திரைகளை, டெர்மினல்களை, தேடிப் போய் நாமே படிக்க வேண்டும்.

இந்த டெர்மினல்கள்தாம் ஆட்டத்தின் முதுகெலும்பு. முதல் கட்டமான 'அரைவல்'-இல் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளில் லீலா என்ற செயற்கை நுண்ணறிவு நம்மிடம் பேசுகிறது: நிலைமை இது, எதிரி இங்கே, நீர் செல்ல வேண்டிய இடம் அங்கே என்று. அத்துடன் வரைபடத்தின் ஒரு துண்டும் தரப்படுகிறது. பணியை முடித்துவிட்டுத் திரும்பினால் அதே டெர்மினலில் வேறு செய்தி இருக்கும். அங்கிருந்துதான் அடுத்த இடத்துக்கு நாம் அனுப்பப்படுவோம். ஒரு கட்டத்தில் எதிரிகளை அழிப்பது பணி, இன்னொன்றில் பழுதுநீக்குவது, வேறொன்றில் ஒரு பொருளை மீட்டுவருவது, மற்றொன்றில் மனிதர்களைக் காப்பாற்றுவது. சாவி தேடி வெளிவாசலுக்கு ஓடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய விலகல். படித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் நிற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அறையை முழுதாகத் துப்புரவு செய்யாமல் டெர்மினலைத் திறந்தால், பாதி வாக்கியத்தில் முதுகில் அடி விழும், திரை மூடிக்கொள்ளும். வாசிப்பைக்கூட ஆபத்தான செயலாக்கிய இந்த ஒரு முடிவுக்காகவே மராத்தானை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கிரெக் கர்க்பாட்ரிக் பெரும்பங்கு எழுதிய அந்த உரைகளின் தரம் இன்றும் வியக்க வைக்கிறது. லீலா கடமையுணர்ச்சியோடு சுருக்கமாகப் பேசும். கலத்தின் கதவுகளைத் திறந்து மூடுவது போன்ற சில்லறை வேலைகளுக்கென்று விடப்பட்டிருந்த டுராண்டல் என்ற இன்னொரு நுண்ணறிவு, துயரம், சினம், பொறாமை எனப் படிப்படியாக முற்றிச் செல்லும் ஒருவகைப் பித்துநிலைக்கு ஆட்பட்டது. அது நம்மை எள்ளி நகையாடும், தத்துவம் பேசும், ஒரு கட்டத்தில் லீலாவிடமிருந்து நம்மைத் தட்டிப் பறித்துக்கொண்டு தன் சொந்தக் காரியங்களுக்கு அனுப்பும். நாம் இதுவரை பின்பற்றிய கட்டளைகள் யாருடையவை என்ற ஐயம் அங்கே பிறக்கிறது. ஆங்கில வாசிப்பில் சற்றுப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தச் சுவையில் பெரும்பகுதி நழுவிவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுத்தைத் தாண்டிக் குதித்துப் போகிறவருக்கு எஞ்சுவது, சற்றுக் குழப்பமான நடைபாதைகளைக் கொண்ட ஒரு நடுத்தரமான சுடும் விளையாட்டுதான்.

இனி ஆயுதங்கள். தொடக்கத்தில் கையிலிருப்பது எட்டுத் தோட்டா கொள்ளும் ஒரு கைத்துப்பாக்கி. எட்டும் தீர்ந்ததும் துப்பாக்கி தாழ்ந்து, மேகசின் என்னும் தோட்டாக்கூடு மாற்றப்பட்டு மீண்டும் மேலெழுகிறது. அந்த இடைவெளி ஓரிரு கணம்தான். ஆனால் நீண்ட தடியை ஓங்கியபடி நெருங்கும் ஃபோர் வீரனுக்கு அது போதும். விரும்பியபோது தோட்டா நிரப்பிக்கொள்ளும் பொத்தான் இதில் கிடையாது. மேகசின் காலியானால்தான் மாற்றம் நடக்கும். ஆகையால் மீதி இரண்டே தோட்டா இருக்கும்போது மூலை திரும்புவதா, இல்லை அந்த இரண்டையும் சுவரில் வீணடித்துவிட்டுப் புது மேகசினோடு திரும்புவதா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். இன்றைய விளையாட்டுகளில் கை தன்னிச்சையாக அழுத்தும் ஒரு பொத்தான் இங்கே இல்லாததே ஒரு சின்னஞ்சிறு நாடகமாகிவிடுகிறது. இரண்டாவது கைத்துப்பாக்கி கிடைத்ததும் இரு கைகளிலும் ஏந்திச் சுடலாம். ஒன்று காலியாகும்போது மற்றொன்று பேசும்.

'பிக்கர் கன்ஸ் நியர்பை' என்று தன் பெயரிலேயே அறிவிக்கும் இரண்டாம் கட்டத்தில் எம்ஏ-75 தாக்குதல் துப்பாக்கி கிடைக்கிறது. அதன் மேகசினில் 52 தோட்டாக்கள். குழலோடு இணைந்த எறிகுண்டு ஏவியில் ஏழு குண்டுகள். ஒரு விசை தோட்டாவுக்கு, இன்னொரு விசை குண்டுக்கு. ஆயுதத்தை மாற்றாமலேயே ஒரே கணத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பின்வந்த சுடும் விளையாட்டுகள் பல எடுத்தாண்டன. தோட்டாக்கள் சிதறிப் பறப்பதால் தொலைவிலுள்ள எதிரிக்கு இந்தத் துப்பாக்கி அவ்வளவாகப் பயன்படாது. குண்டோ வளைந்து விழும். எனவே இரண்டையும் கலந்து ஆடப் பழக வேண்டும். குண்டு வெடிப்பின் உந்துதலில் எம்பி உயரமான மேடைகளைத் தொடும் வித்தையையும் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். குதிப்பதற்கென்று விசையே இல்லாத விளையாட்டில் இது ஒரு திருட்டு இன்பம்.

ஆயுதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபியூஷன் பிஸ்டல். முதல் விசையில் சிறுசிறு மின்கீற்றுகள் பாயும். இரண்டாம் விசையை அழுத்திப் பிடித்தால் ஆற்றல் சேரும். விட்டதும் ஒரே பெரும் பாய்ச்சலாக வெளிப்படும். பேராசையில் நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தால் அது கையிலேயே வெடித்து நம்மை முடித்துவிடும். கவசமணிந்த ஹண்டர் வகை எதிரிகளை இதைப்போல் வேறெதுவும் வீழ்த்துவதில்லை. கதவுக்கு வெளியே நின்று ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு, எப்போது கதவைத் திறப்பது, எதிரி நேர்க்கோட்டில் வருவானா என்று பொறுத்திருக்கும் அந்த நேரம், துப்பாக்கி சுடும் நேரத்தைவிட அதிகப் படபடப்பைத் தருகிறது. காற்றில்லாத கட்டங்களில் பெரும்பாலான துப்பாக்கிகள் இயங்கா, இது இயங்கும். 'ஜி4 சன்பேதிங்' கட்டத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வர, கைவசமுள்ள இந்த ஒற்றை ஆயுதத்தின் மின்கலங்களை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருக்கும். ஆயுதத்தின் பயன் இடத்தைப் பொறுத்து மாறும் என்ற எண்ணம் அக்காலச் சுடும் விளையாட்டுகளில் மிக அரிது. ஈர்ப்புவிசை குறைந்த கட்டங்களும் உண்டு. அங்கே படியிலிருந்து இறங்கினால் மெல்ல மிதந்து விழுவோம், அதற்குள் கீழிருப்பவன் நம்மைக் குறிபார்த்துவிடுவான்.

சேமிப்பதற்கும் காயம் ஆற்றுவதற்கும் உரிய முறைகள் அதே போக்கில் அமைந்தவை. சுவரில் பதித்த பேட்டர்ன் பஃபர் என்ற கருவியின் முன் நின்றால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். கவசத்தின் ஆற்றலை நிரப்பவும் சுவர்க் கருவிகளே. சிவப்பு ஒரு மடங்கும், மஞ்சள் இரு மடங்கும், ஊதா மும்மடங்கும் நிரப்பும். எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் நிரம்பும்வரை முகத்தைச் சுவருக்கும் முதுகை எதிரிக்கும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் மருந்துப் பெட்டியை ஓடிக்கொண்டே பொறுக்கும் டூமின் முறைக்கு இது நேர் எதிர். இதனால் ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கென்று ஒரு பாசறை உருவாகிறது. அங்கிருந்து எவ்வளவு தூரம் துணிந்து போவது, எந்த நிலையில் திரும்பி வருவது என்பதே போரின் திட்டமாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் குறையும் வெளிப்படையானது: சில கட்டங்களில் சேமிக்கும் கருவி மிகத் தொலைவில் இருக்கிறது; அரை மணி நேர உழைப்பு ஒரே ஏவுகணையில் வீணாகும்போது, இது வடிவமைப்பா வன்மமா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

திரையின் கீழே வட்டவடிவ மோஷன் சென்சார் ஒன்று இருக்கிறது. அசையும் எதிரிகள் சிவப்பாகவும் நம்மவர் பச்சையாகவும் அதில் தெரிவர். பிற்காலத்தில் ஹேலோ ஆடியவர்களுக்கு இது பழகிய பொருள். இங்கே சிறப்பு என்னவென்றால் அதை முழுதாக நம்ப முடியாது. காந்தப்புலம் மிகுந்த கட்டங்களில் அது குழம்பிப்போகும். நம்மவர் என்று சொன்னேனே, அவர்கள் பாப் எனப்படும் கலத்தின் குடிமக்கள். அவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், பலர் நம் குண்டுக்கே பலியாவார்கள். மீட்புக் கட்டங்களில் அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டால் பணி தோற்றதாகிவிடும். பின்னர் ஃபோர் இனம் அவர்களைப் போலவே தோற்றமளிக்கும் வெடிகுண்டுப் போலிகளை அனுப்பத் தொடங்குகிறது. உண்மை மனிதரைப் போலவே ஓடிவந்து, பொருளற்ற வாக்கியங்களைக் கத்திக்கொண்டே அவை நம்மருகில் வெடித்துச் சிதறும். அன்றுமுதல் நம்மை நோக்கி ஓடிவரும் ஒவ்வொரு மனிதரையும் துப்பாக்கி முனையில் நிறுத்திச் செவிமடுக்க வேண்டியிருக்கிறது. ரசிகர்களிடையே வழங்கும் நகைச்சுவை உறுதிமொழி ஒன்றில் ஒரு பாப்பைக்கூட உயிரோடு விடமாட்டேன் என்றே ஒரு வரி உண்டு. அதன் கொடூரம் எங்கிருந்து பிறந்தது என்பது இந்தக் கட்டங்களை ஆடியவருக்குப் புரியும்.

எதிரிகளுக்குள்ளும் அணிகள் இருக்கின்றன. ஒருவன் எறிந்தது இன்னொருவன்மேல் பட்டால் அவர்களுக்குள் மோதல் வெடிப்பதை டூமிலேயே பார்த்திருக்கிறோம். மராத்தான் அதைக் கதையோடு பிணைத்தது. ஃபோர்களின் அடிமைகளான ஸ்ஃப்ட் என்னும் இயந்திர உயிரிகள் டுராண்டலின் உதவியால் விடுதலை பெற்ற பிறகு, அதுவரை நம்மேல் மின்னல் வீசியவர்கள் தங்கள் எசமானர்களுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். அந்த மாற்றத்தை ஒரு உரையாடலில் அறிவிப்பதோடு நிறுத்தாமல், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நாம் வேடிக்கை பார்க்கும்படி களத்திலேயே நடத்திக் காட்டுகிறார்கள்.

கட்டட அமைப்பைப் பற்றி ஒரு சொல். டூமின் வரைபடத்தில் ஒரு அறையின் மேல் இன்னொரு அறை அமைய முடியாது. மராத்தானின் எஞ்சின், அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரல், ஒவ்வொரு வெளியையும் அதன் வாசல்கள் வழியாகவே கணக்கிட்டு வரைவதால், இரண்டு அறைகள் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படாமல் இருந்தால் போதும். இதைக்கொண்டு மேம்பாலங்களும் சுழல்பாதைகளும் அமைத்தது மட்டுமல்லாமல், '5-டி ஸ்பேஸ்' என்ற பலர் ஆடும் களத்தில் இயற்கையில் இருக்கவே முடியாத ஒரு கட்டடத்தையும் எழுப்பினார்கள். நடக்கும்போது வழி இயல்பாகத் தோன்றும். வரைபடத்தைத் திறந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

ஆனால் இதே சுதந்திரம் சில கட்டங்களைப் பாழாக்கியும் இருக்கிறது. 'காலனி ஷிப் ஃபார் சேல், சீப்!' என்ற கட்டத்தில், ஏறி இறங்கும் தளங்களைச் சரியான உயரங்களில் நிறுத்தி வழி உண்டாக்க வேண்டும். எந்தத் தளம் எதனால் அசைகிறது என்பதற்குத் துப்பே கிடையாது. பொறுமையைச் சோதிக்கும் அந்த வேலையில் அறிவுக்கும் இடமில்லை, வீரத்துக்கும் இடமில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்து முடித்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே மாதிரியான நடைபாதைகள், சுவரோடு சுவராக மறைந்திருக்கும் பொத்தான்கள், எங்கே போவதென்று தெரியாமல் வெறுமையான அறைகளில் சுற்றித்திரிவது ஆகியவை விளையாட்டின் நடுப்பகுதியில் அடிக்கடி நேரும் இடர்கள்.

இன்றைய பதிப்பு, பன்ஜி 2000-இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தின் மூலநிரலைக்கொண்டு ரசிகர்கள் வளர்த்தெடுத்த ஆலெஃப் ஒன் எஞ்சினில் இயங்குகிறது. 2005-இல் மூன்று பாகங்களையும் நிறுவனம் இலவசமாக்கிய பின்னர் பலரும் இதன்வழியேதான் ஆடிவந்தார்கள்; ஸ்டீம் பதிப்பு அந்த உழைப்பை ஒரே சொடுக்கில் நிறுவும்படி தந்திருக்கிறது. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அகலத்திரையில் படம் தெளிவாக இருக்கிறது. நொடிக்கு முப்பது முறை மட்டுமே கணக்கிடும் பழைய ஆட்டத்தின் இடைவெளிகளை நிரப்பி, அசைவுகளை வழுக்கலாகக் காட்டும் வசதியும் உண்டு. அதை இயக்கிவிடுவது கண்ணுக்கு நல்லது. மேலும் கீழும் பார்க்கும் கோணத்துக்கு மட்டும் வரம்பு இருக்கிறது, நேர் உச்சியைப் பார்க்க முடியாது. எதிரிகள் இன்னும் தட்டையான உருவங்கள்தாம். அவற்றின் வண்ணங்கள் நன்றாக வேறுபடுவதால் தொலைவிலிருந்தே வகையையும் வலிமையையும் அடையாளம் காணலாம் என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பலர் சேர்ந்து ஆடும் பகுதியின் வரலாற்று மதிப்பு தனி. டூமில் நால்வர் மட்டுமே ஆட முடிந்த காலத்தில், மெக்கின்டாஷ்களில் உள்ளமைந்திருந்த ஆப்பிள்டாக் வலைப்பின்னலைப் பயன்படுத்தி எண்மர் வரை ஆடும்படி மராத்தான் செய்தது. மைக்ரோஃபோன் வழியே எதிராளியோடு பேசிக்கொண்டே ஆடவும் முடிந்தது. ஆடிய ஆட்டத்தைப் பதிவுசெய்து மீண்டும் பார்க்கலாம். காட்சிகளைச் சேமிக்காமல் அழுத்திய விசைகளை மட்டுமே அந்தப் பதிவு குறித்துக்கொள்வதால் கோப்பின் அளவு மிகச் சிறியது. இன்று ஆலெஃப் ஒன் இதை இணையத்துக்கும் விரித்திருக்கிறது. ஆனால் ஆள் சேர்ப்பதற்கு நண்பர்களை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவைப்பதுதான் நடைமுறை வழி.

கடினநிலைகள் ஐந்து. 'நார்மல்' நிலையிலேயே தோட்டாக்கணக்கும் கவசக்கணக்கும் நன்றாக உறைக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மேலே சொன்ன நின்று யோசிக்கும் சுவை கரைந்துவிடும். உச்சநிலையான 'டோட்டல் கார்னேஜ்' முதல் முறை ஆடுபவருக்கு உரியதல்ல. முடித்த பிறகு இரண்டாம் பாகமான 'டுராண்டல்' பக்கம் போகலாம். 1995-இல் வந்த அதில் நீந்தக்கூடிய நீர்நிலைகளும், இரு கைகளிலும் ஏந்தும் ஷாட்கன்களும், துணைவரோடு சேர்ந்து கதையை ஆடும் வசதியும் சேர்ந்தன. கட்டங்களின் அமைப்பும் முதல் பாகத்தைவிடத் தெளிவானது. 1996-இன் 'இன்ஃபினிட்டி' கதையைக் கனவுகளாகவும் கிளைபிரியும் காலங்களாகவும் சிதறடித்து வைத்திருப்பதால், முன்னிரண்டின் டெர்மினல்களை நிதானமாகப் படித்தவர்கள் மட்டும் அதைத் தொடுவது நல்லது.